மூன்று சின்னம் வைத்த வாசல்

மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், மூங்கிலாற்று நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் அழிசி என்றொரு குதிரை வியாபாரி இருந்தான். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் பகட்டு. அந்தப் பகட்டு அவன் கழுத்துக்கே கத்தியாக வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பிள்ளைகள் கேளுங்கள். பெரியவர்களும் எழுந்து போகாதீர்கள், உங்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

முதலில் அந்த நாட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கதை விளங்காது.

அங்கே நிலம் உள்ள ஒவ்வொரு குடும்பமும் வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும். அதில் குலச்சின்னத்தைச் செதுக்க வேண்டும். மாட்டுகிற அன்று வீட்டுத் தலைவன் ஊரார் முன்னால் நின்று, இந்தச் சின்னத்துக்கு இதுதான் பொருள் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். அன்று முதல் அந்தச் சின்னம் அந்தக் குடும்பத்தின் வாக்கு. யார் வேண்டுமானாலும் வந்து அதைத் தொட்டு, "தொட்டுக் கேட்கிறேன்" என்று சொல்லலாம். கேட்டதை அன்று பொழுது சாய்வதற்குள் செய்தாக வேண்டும்.

செய்யாவிட்டால் பலகையைக் கழற்றிக் குப்புறப் போடுவார்கள். அந்தக் குடும்பம் கட்டிய துணியோடு வெளியேற வேண்டும். நாட்டில் எந்த வீட்டிலும் அவர்களுக்கு நெருப்பும் கிடைக்காது, உப்பும் கிடைக்காது. அவர்களுடைய நிலம், கேட்டு ஏமாந்தவனுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று. வைத்த சின்னத்தைச் சுரண்டி எடுக்க முடியாது. கூடச் சேர்க்கலாம், குறைக்கக் கூடாது. வாசலில் இருந்தாலும், வண்டியில் இருந்தாலும், கொடியில் பறந்தாலும் அது அதே வாக்குத்தான்.

இதனால் அந்த நாட்டு மக்கள் சின்னம் வைக்கும்போது யோசித்து வைப்பார்கள். ஒரு குடும்பம் அகப்பையைச் செதுக்கும். தொட்டுக் கேட்டால் ஓர் அகப்பை கூழ். இன்னொரு குடும்பம் மாட்டைச் செதுக்கும். தொட்டுக் கேட்டால் ஒரு நாள் உழவுக்கு மாடு. மருத்துவர் வீட்டில் ஓர் இலை இருக்கும். எல்லாம் கைக்கு அடக்கமான வாக்குகள். யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

நம் அழிசிக்கு அந்த நிதானம் இல்லை. அவன் அப்பன், பாட்டன், அவனுக்கும் அப்பன் எல்லோரும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள். நிலமும் இல்லை, வாசலும் இல்லை. பகைவர் படையெடுத்து வந்த ஆண்டில் மற்ற வியாபாரிகள் எல்லாம் ஓடிவிட, இவன் மட்டும் குதிரைகளை அரசனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். அரசன் மகிழ்ந்து கொன்றைத்துறை என்ற ஊரை அவனுக்குக் கொடுத்தான். ஆற்றைக் கடக்கும் துறை, அதை ஒட்டி வயல், மேற்குப் பார்த்த வாசலோடு பெரிய வீடு.

அழிசியின் மனைவி பூதி அந்த மண்ணை முதன்முதலில் மிதித்தபோது அழுதாள். அவர்களுடைய மூத்த குழந்தை வழியில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தது. புதைத்த இடத்தின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. குதிரைகள் நகர்ந்துகொண்டிருந்தன, அவர்களும் நகர்ந்துவிட்டார்கள்.

"இனிமே நம்ம ஆளுங்க யாரையும் பேர் தெரியாத மண்ணுல விட வேண்டாம்" என்றாள் பூதி. அழிசி தலையை மட்டும் ஆட்டினான். 

ஆனால் மறுநாளே பகட்டு தலையைத் தூக்கிவிட்டது. தச்சன் நக்கனை அழைத்தான்.

"பலகையில ஒரு புலி வேணும்" என்றான். "பார்க்கிறவன் பயப்படணும்."

"புலியா, ஐயா? புலிக்கு ஒரு பொருள் சொல்லணுமே" என்றான் தச்சன்.

"அதெல்லாம் நல்லாச் சொல்லிக்கலாம். புலிக்குக் கீழே ஒரு தராசு. நாங்க வியாபாரக் குடும்பம், அது தெரியணும். தராசுக்குக் கீழே ஒரு திறந்த கதவு. பெரிய வீடு பாரு, அதுவும் தெரியணும்."

"மூணா?" என்றான் தச்சன். உளியைக் கையில் எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"வலது பக்கம் கீழே ஒரு மூலையை வெறுமையா விடு. இன்னும் பெரிய ஆளானதும் அங்கே ஒரு யானை வைக்கணும்."

பூதியும் சொல்லிப் பார்த்தாள். "ஒண்ணு போதுமே. மூணு பேர் வந்து மூணைக் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"யார் வந்து கேட்கப் போறாங்க? பார்த்து மலைச்சுப் போவாங்க" என்றான் அழிசி.

பலகை மாட்டும் நாள் வந்தது. ஊரே கூடியது. ஆற்றுக்கு மேற்கே இருந்த மேலூரின் தலைவன் பெருங்காடனும் குதிரையேறி வந்திருந்தான். கொன்றைத்துறை தனக்குக் கிடைக்கும் என்று பல காலமாக நாக்கைத் தொங்கப் போட்டிருந்தவன் அவன். வெளியே சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அழிசி பட்டுத் தலைப்பாகையோடு வாசல் படியில் ஏறி நின்றான். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் பெரிதாகிவிட்டது.

"இது புலி. கொடுமை வரும் இடத்தில் இந்த வீட்டார் முதல் ஆளாக முன்னே நிற்பார்கள்" என்றான். கூட்டம் ஆரவாரம் செய்தது.

"இது தராசு. யாருக்கு என்ன இழப்பு நேர்ந்தாலும், அதில் இந்த வீட்டுக்குப் பங்கு இருந்தால், இந்த வீடு சரி எடை வைக்கும்" என்றான். கூட்டம் இன்னும் ஆரவாரம் செய்தது.

"இது திறந்த கதவு. அடைக்கலம் என்று வருபவருக்கு இது மூடாது. வந்தவர் இந்த வீட்டு ஆள்" என்றான். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

பெருங்காடன் மட்டும் எழவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அழிசியின் தோளைத் தட்டினான். "எங்க தாத்தா கஞ்சன். எங்க குலத்துக்கு ஒரே ஒரு ஆலமரம்தான் வச்சார். இதன் நிழலில் வந்தவரை எங்கள் கை வெட்டாது, அவ்வளவுதான் சொன்னார். நீ தாராளம். ஒரு பானைக்கு மூணு பிடி வச்சிருக்கே. யார் வேணும்னாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் தூக்கலாம்."

அழிசி அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான். பூதி சிரிக்கவில்லை.

கொஞ்ச காலம் எல்லாம் விளையாட்டாகவே போனது. ஒரு கிழவி புலியைத் தொட்டு, தினை வயலில் குரங்குத் தொல்லை என்றாள். அழிசி தடியோடு முதல் ஆளாகக் குரங்குகளை விரட்டிக்கொண்டு ஓடினான், தலைப்பாகை வேலியில் மாட்டிக்கொண்டது. வழிப்போக்கர்கள் கதவைத் தொட்டு மழைக்கு ஒதுங்கினார்கள். அவனுக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. வாக்கு என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டான்.

பிறகு அந்த நாள் வந்தது.

கோடை முடிகிற காலம். வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. அழிசி வாசலில் ஒரு குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புழுதி கிளம்பியது. ஒரு மனிதன் துறையில் இறங்கித் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவந்தான். ஒரு கை ரத்தமாய் இருந்தது. அவனுக்குப் பின்னால் குதிரைவீரர்கள் வந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். குதிரைமேல் வருகிறவர்களுக்கு நடந்து ஓடுகிறவனைப் பிடிப்பது பெரிய காரியமா? அவர்கள் பிடிக்கவில்லை. இடப்பக்கம் விலகினால் இடப்பக்கம் மறித்தார்கள், வலப்பக்கம் விலகினால் வலப்பக்கம் மறித்தார்கள். மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டுவது போல அவனை ஒரே வாசலை நோக்கி ஓட்டினார்கள்.

அந்த மனிதன் வந்து பலகையில் விழுந்தான். ரத்தக் கை திறந்த கதவின்மேல் பதிந்தது.

"தொட்டுக் கேட்கிறேன். அடைக்கலம்" என்றான்.

அழிசி அவனைப் பார்த்தான். முன்பின் தெரியாத முகம். ஆனால் கூட்டத்தின் முன்னால் சொன்ன வார்த்தை அவன் காதிலேயே கேட்டது. "உள்ளே போ" என்றான். பூதி அந்த மனிதனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய், காயத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குள் வீரர்கள் வந்துவிட்டார்கள். நடுவில் பெருங்காடன். அவன் போர் பழகியவன். சூரியன் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி குதிரையை நிறுத்தினான். வாசலில் நின்றவர்களுக்குக் கண் கூசியது. அவனுக்குப் பக்கத்தில் கொடிக்காரன், ஆலமரம் எழுதிய கொடியைத் தரையில் ஊன்றி நின்றான். காற்று அந்தத் துணியை விரித்துப் பிடித்திருந்தது.

"உள்ளே போனவன் பேர் சேந்தன்" என்றான் பெருங்காடன். "எங்க ஏரியில மதகுக் காவல். என் தம்பியைக் கொன்னுட்டு ஓடி வந்திருக்கான்."

அவன் குரல் உடைந்தது. தம்பி செத்த துக்கம் பொய்யில்லை. அந்தத் துக்கத்தை வைத்தே ஒரு துறையையும் வாங்கிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டதும் பொய்யில்லை. மனிதனுக்கு ஒரே நெஞ்சில் இரண்டும் இருக்கும்.

அவன் குதிரையை விட்டு இறங்கி வந்து புலியின்மேல் கை வைத்தான். "தொட்டுக் கேட்கிறேன். கொலைகாரன் இந்த ஊருக்குள் வந்திருக்கிறான். கொடுமை வந்த இடத்தில் முதல் ஆளாக முன்னே வா."

பிறகு தராசின்மேல் கை வைத்தான். "தொட்டுக் கேட்கிறேன். என் வீட்டில் ஓர் உயிர் போயிற்று. கொன்றவனை உன் வீட்டு ஆளாக்கிக்கொண்டாய். இழப்பில் உனக்குப் பங்கு வந்துவிட்டது. அதற்குச் சரி எடை வை."

திறந்த கதவின்மேல் கை வைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு ரத்தக் கை பதிந்திருந்தது. அதைப் பார்த்து மெல்லச் சொன்னான்: "பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு, அழிசி. எந்தப் பிடியை உடைக்கப் போறே?"

அழிசி கணக்குப் போட்டுப் பார்த்தான். சேந்தனை வெளியே தள்ளினால் கதவு பொய். தள்ளாவிட்டால் புலி பொய், தராசு பொய். எது பொய்த்தாலும் பலகை விழும். வீடு போகும், வயல் போகும், துறை போகும். பூதி மறுபடியும் பெயர் தெரியாத மண்ணில் நடப்பாள். நெருப்பில்லாமல், உப்பில்லாமல்.

அவன் உள்ளே போனான். கூடத்தில் சேந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கொன்னியா?" என்று கேட்டான் அழிசி.

"எங்க ஏரித் தண்ணியை நம்பின கீழூர் வயலெல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு, ஐயா. அவங்க முறைக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு மேலூர்ல சொல்லிட்டாங்க. நான் மதகைத் திறந்துட்டேன். தலைவரோட தம்பி என்னை அடிக்க வந்தாரு. நான் தள்ளினேன். மதகுக் கல்லுல விழுந்தாரு. எந்திரிக்கல." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "கொல்லணும்னு தள்ளல. ஆனா என் கை தள்ளினதுதான்."

பூதி கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். அழிசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரோ எவனோ" என்றான் மெதுவாக. "இவனுக்காக நாம எல்லாத்தையும் விடணுமா, பூதி? பின்பக்கமா ஓடச் சொல்லிட்டா?"

"பின்பக்கமும் ஆள் நிக்குது" என்றாள் பூதி. "நிக்காட்டியும் அது சரியில்ல. வந்தவர் இந்த வீட்டு ஆள்னு நீங்கதான் சொன்னீங்க."

"பெருமைக்குச் சொன்னேன்."

"எதுக்குச் சொன்னா என்ன? சொன்னதை நம்பித்தான் அவர் ரத்தத்தோட ஓடி வந்தார்."

 வெளியே ஒரு குதிரை கனைத்தது. வெளிச்சம் கூடத்துத் தரையில் மஞ்சளாகி வந்தது. அவன் தலைப்பாகையை அவிழ்த்துப் பூதியின் கையில் கொடுத்தான்.  அவன் வாள் பிடித்தவன் இல்லை. குதிரைக்குப் பல் பிடித்துப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு அவன் பயந்ததுபோல் அந்த நாட்டில் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் நடந்தான்.

வாசலுக்கு வந்து, படியிறங்கி, வெட்டவெளியில் போய் நின்றான்.

"ஐயா, தொட்டுக் கேட்ட மூணுக்கும் பதில் சொல்றேன்" என்றான். "சேந்தன் என் வீட்டு ஆள். கதவு அவனுக்கு மூடாது. அவன் கையால் நேர்ந்த இழப்பு என் வீட்டால் நேர்ந்த இழப்பு. தராசில் ஓர் உயிர் கேட்டீங்க. என் வீட்டிலிருந்து ஓர் உயிர் வைக்கிறேன். முதல் ஆளா யார் வரணும்னு புலி சொல்லுது. நான்தான் வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு மண்ணில் மண்டியிட்டான்.

பெருங்காடன் இதை எதிர்பார்க்கவில்லை. மூன்றில் ஒன்றை உடைப்பான் என்றுதான் காத்திருந்தான். அவன் முகம் கறுத்தது. ஆனால் இப்போது பின்வாங்கினால் தன் ஆட்கள் சிரிப்பார்கள். இவன் செத்தால் ஒரு கைம்பெண் துறையை எத்தனை நாள் வைத்திருப்பாள் என்றும் அவனுக்குத் தோன்றியது. வாளை உருவிக்கொண்டு வந்தான்.

பூதி படியில் நின்று பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள்.

"ஐயா" என்றாள். "சாகப்போறவர் தாகத்தோட போகக் கூடாது. ஒரு வாய் தண்ணி கொடுத்துக்கிறேன்."

இதை மறுக்க எந்த நாட்டிலும் வழக்கம் இல்லை. பெருங்காடன் வாளைத் தாழ்த்தினான். பூதி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். நிதானமாக வந்தாள். அழிசி குடித்தான், பாதி மார்பில் சிந்தியது. பூதி மறுபடியும் தரையைப் பார்த்தாள். வெயில் இன்னும் இறங்கியிருந்தது.

"ஐயா, அவர் காலைக் கழுவி விடுறேன். குதிரைச் சாணியோட போக வேண்டாம்."

பெருங்காடன் பல்லைக் கடித்தான். "சீக்கிரம்" என்றான். பூதி உட்கார்ந்து கணவனின் ஒரு காலைக் கழுவினாள், இன்னொரு காலைக் கழுவினாள். முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். அழிசியின் கண்ணில் நீர் வழிந்தது. இவள் விடைபெறுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"ஐயா, கடைசியா ஒண்ணு. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

"பேசு. பேசிட்டு விலகிப் போ" என்றான் பெருங்காடன். சூரியன் பனைகளின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பூதி கணவனின் காதருகே குனிந்தாள். "அசையாதீங்க. என்ன நடந்தாலும் இந்த இடத்தை விட்டு அசையாதீங்க" என்றாள்.

பிறகு எழுந்து நடந்தாள். வாளுக்குக் குறுக்கே போகவில்லை. பெருங்காடனைத் தாண்டி, நேராகக் கொடிக்காரனிடம் போனாள். ஊன்றியிருந்த கொடிக்கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தொட்டுக் கேட்கிறேன்" என்றாள். அவள் குரல் ஆற்றங்கரை வரை கேட்டது. "என் கணவர் உங்கள் ஆலமரத்தின் நிழலில் இருக்கிறார்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேற்கே தாழ்ந்த சூரியன் கொடியின் நிழலை நீட்டி நீட்டி, வாசல் வரை கொண்டுபோயிருந்தது. அந்த நிழலுக்குள் அழிசி மண்டியிட்டிருந்தான். தலை, தோள், முதுகு எல்லாம் நிழலில் இருந்தன. எதிரியின் கண் கூச வேண்டும் என்று சூரியனை முதுகில் வைத்து நின்றானே பெருங்காடன், அந்தச் சூரியன்தான் இதைச் செய்தது.

 ஒரு குதிரை மட்டும் காலை மாற்றி வைத்தது.

"கொடியை நகர்த்து" என்றான் பெருங்காடன்.

கொடிக்காரன் நகர்த்தவில்லை. அவன் தலை நரைத்தவன், பெருங்காடனின் அப்பன் காலத்திலிருந்து அந்தக் கொடியைச் சுமந்தவன்.

"நகர்த்துடா!"

"தொட்டுக் கேட்டாச்சு, தலைவரே" என்றான் கொடிக்காரன். "இனிமே நகர்த்தினா நம்ம பலகைதான் குப்புற விழும்."

பெருங்காடன் தன் ஆட்களைப் பார்த்தான். ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரு பலகை இருந்தது. வாளை ஓங்கினால் அழிசி சாவான். ஆனால் மேலூர் போகும். பெருங்காடனின் பிள்ளைகள் நெருப்பில்லாமல், உப்பில்லாமல் அலைவார்கள்.  வாளின் நுனி மெல்ல மெல்லக் கீழே வந்து மண்ணைத் தொட்டது.

"என் தம்பிடா அவன்" என்றான், யாரிடமும் இல்லாமல். "தோள்ல தூக்கி வளர்த்தேன்." அந்தப் பெரிய மனிதன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அழிசி நிழலை விட்டு அசையாமலே பேசினான். "ஐயா, தராசை நான் இன்னும் கீழே வைக்கல. உயிருக்கு உயிர்தான் சரி எடைன்னா அது இப்போ முடியாது. வேற எடை என்னன்னு சொல்லுங்க. வைக்கிறேன்."

அப்போது வாசலில் காலடி கேட்டது. சேந்தன் தானே வெளியே வந்துகொண்டிருந்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே வரவும் வெளியே போகவும். அவன் வந்து அழிசிக்குப் பக்கத்தில் அதே நிழலில் மண்டியிட்டு, மதகில் நடந்ததை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

பேசி முடிப்பதற்குள் வெளிச்சம் சிவந்துவிட்டது. கடைசியில் எடை இப்படி முடிந்தது. இறந்தவனின் மகன் ஏர் பிடிக்கிற வயது வரும்வரை சேந்தன் அந்த வீட்டு வயலை உழுது, விளைவித்து, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் அழிசியின் வீட்டு ஆள் என்பதால் அழிசியும் ஏதாவது இழக்க வேண்டும். தன் உயிராக வைத்திருந்த வெள்ளைக் குதிரையையும் அதன் குட்டியையும் இறந்தவனின் மனைவிக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழூருக்கு அதன் முறையில் மதகு திறக்கும் என்று பெருங்காடனும் ஒப்புக்கொண்டான். அதைச் சொல்லத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது.

சூரியன் மறைந்தது. பலகை வாசலிலேயே இருந்தது.

அன்றிரவு அழிசி பூதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். 

மழை முடிந்ததும் தச்சன் நக்கன் உளியோடு வந்தான். நடந்ததெல்லாம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. அரசனே அழிசியின் பெயரைச் சொல்லிப் பேசினானாம்.

"ஐயா இப்போ பெரிய ஆளாயிட்டீங்க" என்றான் தச்சன். "அந்த மூலையில யானையை வச்சிடலாமா?"

அழிசி பலகையைப் பார்த்தான். புலியைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், ரத்தக்கறை போகாத கதவைப் பார்த்தான். வெறுமையான மூலையில் ஒரு யானை நிற்பதை மனத்தில் வைத்துப் பார்த்தான்.

"யானையைத் தொட்டு என்ன கேப்பாங்க?" என்றான்.

தச்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழிசிக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் உண்மையாகவே கேட்டான்.

பூதி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "தண்ணிப் பானை வைங்க. அது நம்மால முடியும்."

அப்படியே ஒரு சின்னத் தண்ணீர்ப் பானையைச் செதுக்கினார்கள். அழிசி படியில் ஏறி, ஊரார் முன்னால், தலைப்பாகை இல்லாமல் பொருள் சொன்னான். "இது பானை. கேட்டால் தண்ணீர்." அவ்வளவுதான். அவன் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான்.

அடுத்த கோடையில், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நடுப்பகலில், ஆற்றைத் தாண்டி ஒருவன் தனியாக வந்தான். கொடி இல்லை, ஆள் இல்லை, வாள் இல்லை. வாசலில் வந்து நின்றான். புலியைத் தொடவில்லை, தராசைத் தொடவில்லை, கதவைத் தொடவில்லை. பானையின்மேல் விரலை வைத்தான்.

"தொட்டுக் கேட்கிறேன்" என்றான் பெருங்காடன். "தாகமா இருக்கு."

பூதி அதே சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான். குடித்து முடித்ததும் சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். அழிசி உள்ளே இருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து அவனுக்கு உட்காரப் போட்டான்.

கதை இங்கே நிற்கட்டும். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய், தங்கள் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் நீதி: பெருமைக்காகச் சொன்னாலும் வாக்கு வாக்குத்தான், ஆகவே காக்க முடிந்ததை மட்டும் சொல், சொல்லிவிட்டால் உயிரைக் கொடுத்தாவது காத்துக்கொள்.